கட்டத்துக்கு ஒத்தடம்

சென்ற நவராத்திரி முடிந்த மறுநாள் பீரோவின் அடித்தட்டைத் திறந்தபோது, கொலு பார்க்கப் போன வீடுகளில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்த ரவிக்கைத் துண்டுகள் 47 சேர்ந்திருந்தன. அவற்றில் பெரும்பாலானவை ரவிக்கையாகப் போவதில்லை என்பது கொடுத்தவர்களுக்கும் தெரியும், வாங்கிக்கொண்ட எனக்கும் தெரியும். அடுத்த ஆண்டு அவை வேறொரு வீட்டுக்குப் போகும், சில சமயம் ஊரெல்லாம் சுற்றிவிட்டு நம் வீட்டுக்கே திரும்பியும் வரும். இந்தச் சுற்றை நிறுத்திப் பேரனுக்கு ஒரு குவில்ட், அதாவது துண்டுத் துணிகளைச் சேர்த்து உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை, தைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். மகள் அமெரிக்காவிலிருந்து வாங்கிவந்த, சக்கரம்போல உருண்டு துணியை வெட்டும் ரோட்டரி கட்டரும், கோடு போட்ட கண்ணாடிபோன்ற அளவுகோலும், வெட்டுவதற்கான பச்சை விரிப்பும் ஓராண்டாகப் பிரிக்கப்படாமலே கிடந்தன. எனவே அமெரிக்கப் பெண்கள் காலங்காலமாகத் தைத்துவரும் இரண்டு கட்டங்களையே எடுத்துக்கொண்டேன்: ஒன்பது சதுரங்களைச் சேர்க்கும் நைன் பேட்ச், அதே ஒன்பது சதுர அமைப்பில் நடுச் சதுரத்தைச் சுற்றி நட்சத்திரம் விரியும் ஓஹையோ ஸ்டார். இரண்டிலும் பதினைந்து பதினைந்தாக 30 கட்டங்கள். ஒவ்வொன்றும் போர்வையில் சேர்ந்த பிறகு 9 அங்குலம், சேர்வதற்கு முன் நான்கு பக்கத் தையல் ஓரத்தோடு ஒன்பதரை அங்குலம். ஐந்துக்கு ஆறாக அடுக்கினால் 45 அங்குல அகலமும் 54 அங்குல நீளமும் வரும்.

முதல் எட்டுக் கட்டங்களைத் தரையில் பரப்பிப் பார்த்தபோது, ஒன்றின் மூலை மற்றொன்றின் மூலையோடு சேரவில்லை. அளந்தேன். ஒன்பதரை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று ஒன்பதேகால், இன்னொன்று ஒரு பக்கம் ஒன்பதரையும் எதிர்ப்பக்கம் ஒன்பதே முக்காலும் இருந்தது. இருபது ஆண்டுகளாக என்னோடு இருக்கும் உஷா இயந்திரத்தின்மேல்தான் முதலில் பழி போட்டேன். பாதிப் பழி அதற்கு உரியதுதான்; மீதிப் பாதி யாருடையது என்று தெரிய எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

இந்தத் தொழிலில் எல்லாமே கால் அங்குலத்தில் நிற்கிறது. இரண்டு துண்டுகளைச் சேர்க்கும்போது ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே தைக்க வேண்டும் என்பதை வைத்துத்தான் வெட்டும் அளவே கணக்கிடப்படுகிறது. 3 அங்குலச் சதுரம் வேண்டுமென்றால் மூன்றரையாக வெட்டுகிறோம். ரவிக்கை தைக்கும்போது தையல் ஓரம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் கொக்கியை நகர்த்திச் சமாளிக்கலாம். இங்கே அந்தச் சலுகை கிடையாது. என் பாட்டி மனப்பாடமாகச் சொல்லும் பின்ன வாய்பாட்டில் பதினாறில் ஒரு பங்குக்கு வீசம் என்று பெயர். ஓரத்தை ஒரு வீசம் அதிகமாகப் பிடித்துத் தைத்தால், ஒரு தையல் கோட்டின் இருபுறமும் ஒவ்வொரு வீசம் போய், கோட்டுக்கு அரைக்கால் அங்குலம், அதாவது எட்டில் ஒரு பங்கு, நட்டமாகிறது. நைன் பேட்ச்சில் ஒரு திசையில் இரண்டு கோடுகள். ஆகவே கால் அங்குலம் காணாமல் போய் ஒன்பதரை ஒன்பதேகால் ஆகிவிடுகிறது. அப்படிப்பட்ட ஆறு கட்டங்களை ஒரு வரிசையாகச் சேர்த்தால் ஒன்றரை அங்குலத்துக்கும் மேல் குறையும். கண்ணுக்குத் தெரியாத வீசம் செய்யும் வேலை இது.

இயந்திரம் சரியாகத் தைக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று நாடாக்களை வெட்டி, அடுத்தடுத்து வைத்து நீளவாக்கில் தைத்து, தையல் ஓரங்களை ஒரு பக்கமாக மடித்து இஸ்திரி போட்ட பிறகு நடு நாடாவை மட்டும் அளக்க வேண்டும். சரியாக 1 அங்குலம் இருந்தால் நம் தையல் சரி. எனக்கு முக்காலே அரைக்கால் அங்குலம்தான் வந்தது. துணியை அழுத்திப் பிடிக்கும் இயந்திரப் பாதத்தின் வலது ஓரத்தைக் கால் அங்குலம் என்று நான் நம்பியிருந்தேன், அது நம்பத் தகுந்த ஓரம் அல்ல. தடித்த அட்டைத் துண்டு ஒன்றை ஊசியிலிருந்து அளந்து தகட்டின்மேல் ஒட்டி, துணியின் ஓரம் அதை உரசிக்கொண்டே போகும்படி செய்தேன். அளந்து ஒட்டும்போது முழுக் கால் அங்குலத்துக்கு ஓரிரு இழை குறைவாகவே ஒட்டினேன். தையலின்மேல் துணி மடிந்து திரும்பும்போது அந்த மடிப்பே ஓரிரு இழையை விழுங்கிவிடுகிறது. அதை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். தையலையும் அங்குலத்துக்குப் பன்னிரண்டு என்ற அளவில் சிறிதாக வைத்துக்கொண்டேன். தொடக்கத்திலும் முடிவிலும் திருப்பித் தைத்து முடிச்சிட வேண்டியதில்லை, குறுக்கே வரும் அடுத்த தையல் அதைப் பூட்டிவிடும். நூலை வெட்டாமலே ஒன்றின்பின் ஒன்றாகத் துண்டுகளைக் கொடுத்துக்கொண்டே போனால், இயந்திரத்தின் பின்னால் அவை மாவிலைத் தோரணம்போல இறங்குவது பார்க்க அழகாகவே இருக்கும்.

இத்தனையும் செய்து அடுத்த பன்னிரண்டு கட்டங்களைத் தைத்தேன். சோதனை நாடாவும் ஓர் அங்குலம் சரியாகவே காட்டியது. அன்றைக்கு முழங்கால் வலி. நின்று இஸ்திரி போட முடியவில்லை. தெருமுனையில் தள்ளுவண்டியில் கரிப்பெட்டி வைத்திருக்கும் அண்ணனிடம் அந்தப் பன்னிரண்டையும் கொண்டுபோய், "இதெல்லாம் நல்லா தேய்ச்சுக் குடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தேன். மாலையில் வாங்கியபோது அப்பளம்போலத் தட்டையாக, ஒரு சுருக்கமில்லாமல் இருந்தன. வீட்டுக்கு வந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பன்னிரண்டும் பன்னிரண்டு வடிவத்தில் இருந்தன. நட்சத்திரக் கட்டங்கள் சில சாய்சதுரமாகவே மாறிவிட்டன. மறுநாள் ஒன்றை எடுத்துப்போய்க் காட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்க தேய்க்கச் சொன்னீங்கம்மா, நான் இழுத்துத் தேய்ச்சேன். சட்டைன்னா அப்படித்தானே சுருக்கம் போகும். இஸ்கூல் பாவாடை ப்ளீட்டுன்னு சொல்லியிருந்தா தேய்ச்சிருக்கவே மாட்டேன், வச்சு வச்சு எடுத்திருப்பேன்" என்றார்.

அந்த மனிதர் சொன்னதில்தான் முழு விடையும் இருந்தது. இஸ்திரிப் பெட்டியால் செய்கிற எல்லாவற்றுக்கும் நாம் தேய்ப்பது என்ற ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். சொல் அப்படி இருப்பதால் கையும் அப்படியே போகிறது. துணுக்குத் துணிகளைச் சேர்த்த கட்டத்தில் பெட்டியை முன்னும் பின்னும் ஓட்டுவது என்பது, இப்போதுதான் அளந்து தைத்த சதுரத்தை இழுத்து வேறு வடிவமாக்குவது. செய்ய வேண்டியது ஒற்றி எடுப்பது. வீங்கிய காலுக்கு ஒத்தடம் கொடுக்கும்போது சூடான துணியை வைத்து, பொறுத்து, எடுத்து, அடுத்த இடத்தில் வைக்கிறோமே, அந்த அசைவுதான் இதற்கும். அன்றிலிருந்து மனத்துக்குள் ஒத்தடம் என்று சொல்லிக்கொண்டே பெட்டியைப் பிடிக்கிறேன், கை தானாக ஓட்டத்தை நிறுத்திக்கொள்கிறது.

துணி ஏன் இழுபடுகிறது என்பதை நெசவிலிருந்து பார்த்தால் புரியும். தறியில் இழுத்துக் கட்டப்பட்ட பாவு நூல் நீளவாக்கில் அதிகம் விட்டுக்கொடுக்காது. ஊடை நூல் பாவின் மேலும் கீழுமாக வளைந்து போவதால் அகலவாக்கில் சிறிது நெகிழும். இரண்டுக்கும் நடுவே மூலைவாட்டில் எந்த நூலும் ஓடுவதில்லை. அங்கே பிடித்து இழுத்தால் துணி ரப்பராகிவிடும். கிராஸ் கட் ரவிக்கை உடம்பில் படிந்து நிற்பது இந்தக் குணத்தால்தான். ரவிக்கைக்கு வரமாக இருப்பது நட்சத்திரக் கட்டத்துக்குச் சாபம். ஓஹையோ ஸ்டாரின் நான்கு நட்சத்திர முனைச் சதுரங்களும் நான்கு நான்கு முக்கோணங்களால் ஆனவை, அவற்றுக்குள் எல்லாத் தையலும் மூலைவாட்டில்தான் ஓடுகின்றன.

ஆகையால் முக்கோணமாக வெட்டித் தைப்பதை நான் விட்டுவிட்டேன். வெளிர் நிறத்தில் ஒன்றும் அடர் நிறத்தில் ஒன்றுமாக நாலரை அங்குலச் சதுரங்களை முகத்தோடு முகம் வைத்து, மூலைக்கு மூலை பென்சில் கோடு இழுத்து, கோட்டின் இருபுறமும் கால் அங்குலத்தில் தைத்த பிறகே கோட்டில் வெட்டுகிறேன். தைத்து முடியும்வரை மூலைவாட்டு ஓரம் வெளியில் வருவதே இல்லை. கிடைக்கும் இரண்டு இருநிறச் சதுரங்களையும் நிறம் மாற்றி எதிரெதிராக வைத்து இதையே இன்னொரு முறை செய்தால் நாலு முக்கோணச் சதுரங்கள் இரண்டு கிடைக்கின்றன. நடுவில் நாலு முனையும் கூடும் புள்ளி, அளவுகோலில் இரு பக்கமும் ஒன்றே முக்கால் அங்குலத்தில் விழும்படி வைத்து மூன்றரையாகச் சீவிவிடலாம். சரியான கணக்கின்படி நாலேகால் அங்குலச் சதுரமே போதும். கால் அங்குலத் துணியை வீணாக்குகிறேன் என்று மகள் சொன்னாள். ஓசியில் வந்த துணி, போனால் போகட்டும்.

இனி ஒற்றும் முறை. தைத்து வந்த துண்டை உடனே பிரித்து மடிக்கக் கூடாது. தைத்த நிலையிலேயே, இரண்டு துணியும் மூடியபடி இருக்க, தையல் கோட்டின்மேல் பெட்டியை வைத்து எடுக்க வேண்டும். நூல் இழுத்துப் பிடித்திருந்த சிறு சுருக்கங்கள் தளர்ந்து, தையல் துணிக்குள் அமரும். அடுத்து, தையல் ஓரம் எந்த நிறத்தின் பக்கம் போக வேண்டுமோ அந்த நிறம் மேலே இருக்கும்படி பலகையில் வைத்து, மேல் துணியை விரலால் விலக்கி, நகத்தால் கோட்டின்மேல் ஒரு முறை கீறிவிட்டு, பெட்டியின் ஓரத்தைக் கோட்டின்மேல் இறக்க வேண்டும். தைத்ததை முன்பக்கமிருந்து விரித்து ஒற்றுவதுதான் இதில் முக்கியம். பின்பக்கமிருந்து ஒற்றினால் கோட்டை ஒட்டி ஒரு சின்ன மடிப்பு மறைந்து நின்றுவிடும். முன்பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அது மடிப்பு என்றே தெரியாது, தையல்போலவே இருக்கும். என்னுடைய பழைய எட்டுக் கட்டங்களில் ஒன்றை ஊசியால் நெம்பிப் பார்த்தேன். ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் அந்த மடிப்பு ஒளிந்திருந்தது. ஒருமுறை ஒற்றியதும் கட்டம் விரிந்து அரைக்கால் அங்குலம் திரும்பக் கிடைத்தது. நான் தையலைப் பிரித்து மறுபடி தைக்க உட்கார்ந்திருந்த கட்டம் அது.

ஒற்றியதும் கையில் எடுத்துவிடக் கூடாது, ஆற விட வேண்டும். பருத்தி இழை ஈரமும் சூடும் படும்போது இளகி, ஈரம் போய் ஆறும்போது எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே நின்றுவிடும். சூட்டோடு தூக்கினால் தொங்கும் வாக்கில் நிற்கும். நான் ஒற்றிய இடத்தின்மேல் வார்னிஷ் பூசாத மரக்கட்டை ஒன்றை இருபது எண்ணும்வரை வைக்கிறேன். நீராவியை நான் கட்டம் முழுதாக முடிந்த பிறகுதான் பயன்படுத்துகிறேன், அதற்குமுன் அது மூலைவாட்டு ஓரங்களை ஊத வைத்துவிடுகிறது.

பலகையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் மேசைமேல் போர்வையை நாலாக மடித்துப் போட்டு இஸ்திரி போடுவதுதான் வழக்கம். அந்த மெத்தையில் பெட்டி அமிழும்போது கட்டத்தின் நடுப்பகுதி குழிந்து ஓரம் தூக்கிக்கொள்கிறது. கதவு சரிசெய்ய வந்த ஆசாரியிடம் இரண்டடிக்கு மூன்றடியில் ஒட்டுப்பலகை ஒன்று வெட்டித் தரக் கேட்டேன். எதற்கு என்று கேட்டார், வேலையைச் சொன்னேன். "கால் இஞ்சுன்னா ரெண்டு நூல். இஞ்சுக்கு எட்டு நூல்லம்மா. ஒரு நூல் தப்புனா எங்க கதவே மூடாது, உங்களுது துணிதானே" என்றார். துணிதான், ஆனாலும் மூடவில்லை என்றேன். அந்தப் பலகையின்மேல் ஒரே மடிப்பாகப் பழைய கம்பளியும், அதன்மேல் துவைத்துத் துவைத்து மென்மையான நாலு முழ வேட்டியும் இழுத்து அடித்துக் கொடுத்தார்.

தையல் ஓரத்தை எந்தப் பக்கம் மடிப்பது என்பதில் குவில்ட் தைப்பவர்களிடையே இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி ஒரு பக்கமாக மடிப்பது, மற்றது இரண்டாகப் பிளந்து விரிப்பது. கையால் ஓடு தையல் போட்ட காலத்தில் விரித்து ஒற்றினால் தையலின் இடைவெளியில் நூல் மட்டுமே துணிகளைப் பிடித்து நிற்கும், உள்ளே வைத்த பஞ்சும் அதன்வழியே எட்டிப் பார்க்கும். அதனால் ஒரு பக்கம் மடிப்பதே வழக்கமாயிற்று. இயந்திரத் தையல் நெருக்கமாக இருப்பதால் இன்று விரித்தாலும் பழுதில்லை. எட்டுத் துணி முனைகள் ஒரே புள்ளியில் கூடுகிற கட்டங்களில் விரிப்பது நல்லதும்கூட. நான் ஒரு பக்கக் கட்சி. காரணம், சேர்க்கும்போது விரலுக்குக் கிடைக்கும் உறுதி. மேல் துண்டின் ஓரம் இடப்பக்கமும் கீழ்த் துண்டின் ஓரம் வலப்பக்கமும் மடிந்திருந்தால், இரண்டையும் முகத்தோடு முகம் வைத்து நகர்த்தும்போது ஒரு மேடு மற்றொரு மேட்டில் இடித்து, சட்டென்று பூட்டிக்கொள்ளும். கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே கண்டுபிடித்துவிடலாம். அந்த இடத்தில் மூலைகள் தவறவே தவறாது.

இதற்காகத் தனியாகத் திட்டம் போட வேண்டுமோ என்று பயந்தேன், தேவைப்படவில்லை. நைன் பேட்ச்சில் நாலு மூலையும் நடுவும் அடர் நிறமாக இருந்தால், எல்லா ஓரத்தையும் அடர் நிறத்தின் பக்கம் மடித்தாலே போதும்: மேல் வரிசையிலும் கீழ் வரிசையிலும் ஓரங்கள் வெளிப்புறம் போகும், நடு வரிசையில் உட்புறம் போகும், மூன்று வரிசைகளும் தாமாகவே பூட்டிக்கொள்ளும். ஓஹையோ ஸ்டாரில் அடர், வெளிர் என்பதை மறந்துவிட்டு ஓரங்களை எப்போதும் ஒட்டில்லாத, ஒரே துணியாலான சதுரத்தின் பக்கம் தள்ளினால் அதே கதைதான். ஒரே ஒரு தொல்லை, ரூபியா போன்ற மெல்லிய துணியில் வெளிர் மஞ்சளின் அடியில் கருநீல ஓரம் போனால் முன்பக்கம் நிழல் அடிக்கும். அத்தகைய இடங்களில் கருநீல ஓரத்தை ஓர் இழையளவு சீவிவிட்டேன். நட்சத்திர முனை மழுங்காமல் இருக்க, ஒட்டுள்ள சதுரம் மேலே இருக்கும்படி வைத்து, பின்பக்கம் தையல்கள் குறுக்கிடும் இடத்தை ஊசி ஓர் இழை வலப்பக்கமாகத் தாண்டிப் போகுமாறு தைத்தேன்.

நிமிர்ந்த கோடுகளின்மேல் இவ்வளவு பிடிவாதம் வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவுக்குள் இருக்கும் கீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள், உழைத்துக் கிழிந்த ஜீன்ஸையும் சட்டையையும் வெட்டித் தைத்த குவில்ட்டுகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006-இல் அமெரிக்க அஞ்சல்தலைகளிலும் வந்தன. அவற்றில் பல கோடுகள் நேராக நிற்பதில்லை. படங்களை மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோடுகள் தைத்தவர் போகச் சொன்ன பக்கம் சாய்கின்றன. என் கோடுகள் நான் கேட்காமலே சாய்ந்தன. வித்தியாசம் அதுதான்.

எனக்கு மிகவும் கைகொடுத்தது கஞ்சி. வெட்டுவதற்கு முன்பே துணியைத் துவைத்து, பருத்திப் புடவைக்குப் போடுவதைவிடக் கொஞ்சம் கெட்டியாக வடித்த கஞ்சியில் முக்கி, நிழலில் காயவைத்து, அரை ஈரத்தில் இஸ்திரி போட்டால், மூலைவாட்டுக் குணம் பாதி அடங்கிவிடுகிறது. தாளை வெட்டுவதுபோல வெட்டலாம். வெட்டிய பிறகு கஞ்சி போடுவதில் பயனில்லை, நனைந்ததும் வடிவம் மாறிவிடும். கரப்பானும் பூச்சியும் கஞ்சியைத் தேடி வரும் என்பதால், போர்வை முடிந்ததும் ஒரு முறை அலசிவிட வேண்டும். சுங்குடித் துண்டுகளின் சாயத்தை நம்பாமல், ஈரமான வெள்ளைத் துணியை அவற்றின்மேல் வைத்துப் பெட்டியால் ஒற்றிப் பார்த்தேன். சிவப்பு மட்டும் வெள்ளையில் ஒட்டியது, அதை ஒதுக்கிவிட்டேன்.

ஒதுக்க வேண்டியதில் ஒன்றை மட்டும் தவறவிட்டேன். கிளிப்பச்சையில் ஒரு துண்டு, ஓரத்தில் பருத்தி என்று சீட்டு ஒட்டியிருந்தது. பருத்திச் சூட்டில் பெட்டியை வைத்ததும் ஒரு நாற்றம். எடுத்துப் பார்த்தால் அந்த ஒரு முக்கோணம் மட்டும் தோல்போலச் சுருங்கி, பக்கத்துத் துணியையும் இழுத்துக்கொண்டிருந்தது. ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டியிருந்தால் தெரிந்திருக்கும்: பருத்தி தாள்போல எரிந்து சாம்பலாக உதிரும், பாலியெஸ்டர் உருகி விரலில் மணியாக உருளும். அன்றிலிருந்து எந்தச் சீட்டையும் நம்புவதில்லை, ஒவ்வொரு துண்டிலும் ஓர் இழையை விளக்கில் காட்டிவிட்டுத்தான் கஞ்சியில் போடுகிறேன்.

நேற்று எல்லாவற்றையும் மறுபடி தரையில் பரப்பி அளந்தேன். இருபத்தாறு கட்டங்கள் ஒன்பதரை அங்குலம் சரியாக இருக்கின்றன. மூன்று ஒரு வீசம் கூடுதல். சேர்க்கும்போது அவற்றை அடிப்பக்கம் வைத்துத் தைத்தால் இயந்திரத்தின் பற்கள் அந்தக் கூடுதலைத் தின்றுவிடும். வண்டிக்கார அண்ணன் தேய்த்ததில் மிஞ்சிய ஒரு சாய்சதுரத்தை மட்டும் கஞ்சி போட்டும் நிமிர்த்த முடியவில்லை, அதை இஸ்திரிப் பெட்டி வைக்கும் இடத்தில் விரித்திருக்கிறேன். ஆக ஒரு நட்சத்திரம் குறைகிறது. அதற்கு வேண்டிய மயில்கழுத்து நிறத் துணி தீர்ந்துவிட்டது. கடையில் கேட்டால் ஒரு மீட்டருக்குக் குறைத்துத் தரமாட்டார்களாம். அதே நிறத்தில் ஒரு ரவிக்கைத் துண்டைப் போன கொலுவில் எதிர்வீட்டு மாமிக்கு நான்தான் வைத்துக் கொடுத்தேன். மாமி அதை இன்னும் யாருக்கும் கொடுக்காமல் இருந்தால் கேட்டுப் பார்க்க வேண்டும்.